உறைபனிக் காலத்தில் ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகையில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று பள்ளமான இடங்களில் புல் வெளுத்துக் கிடக்கும் படங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்கியதுமே நீலகிரித் தச்சர்களுக்கு ஒரே மாதிரி வேலை வரும். வெண்டிலேட்டரைப் பிளைவுட்டால் அடைக்க வேண்டும், ஜன்னல் சட்டத்தைச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும், பிப்ரவரி முடியும்வரை திறக்கவே வேண்டாம் என்பார்கள். குளிர் அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி அடைத்த வீடுதான் தெருவிலேயே அதிகம் குளிர்கிறது. மார்ச்சில் பீரோவை நகர்த்தினால் பின்சுவர் கறுத்திருக்கிறது, பட்டுப்புடவையில் பூசணம் பூத்திருக்கிறது. மலை வீடுகளில் கட்டட, தச்சு வேலை செய்பவர்கள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

ஜனவரி மாதத்து உதகையை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் வெளியே 3, 4 டிகிரி. பள்ளங்களில் பூஜ்யத்தைத் தொடும். காலையில் பனி உருகி, பகல் ஒரு மணி வாக்கில் 20 டிகிரி வரை ஏறுகிறது. அதே நேரத்தில், மூடியே கிடக்கும் செங்கல் வீட்டுக்குள் 14, 15 டிகிரிதான் இருக்கும். முதல்நாள் இரவின் குளிர் சுவரில் அப்படியே தங்கியிருப்பதே காரணம். பகலில் வாசல் திண்ணையில் வெயில் காய்ந்துவிட்டு உள்ளே நுழைந்ததும் உடம்பு சிலிர்க்கிறதே, அது இதனால்தான். இலவசமாக வரும் வெப்பத்தைக் கதவடைத்து வெளியே நிறுத்திவிட்டு, மாலை ஆறு மணிக்கு ரூம் ஹீட்டரைப் போடுகிறோம்.

எனவே வெயிலுள்ள நாளில் காலை பத்தரை மணிக்கு எல்லா ஜன்னல்களையும் முழுசாகத் திறந்துவிடுங்கள். மூன்று மணி, போனால் மூன்றரைக்குள் அடைத்துவிடுங்கள். பள்ளத்தாக்கை ஒட்டிய வீடுகளில் எதிர்மலையின் நிழல் முன்னதாகவே விழும். அங்கே கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், நிழல் வாசலைத் தொட்டதும் அடைத்துவிட வேண்டும். நிழல் விழுந்த அரை மணி நேரத்தில் குளிர்காற்று சரிவில் இறங்கத் தொடங்கிவிடும்.

தெற்குப் பார்த்த ஜன்னலுக்குத் தனி மதிப்பு உண்டு. நம் அட்சரேகையில் டிசம்பர் மாதக் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, சுமார் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. நான்குக்கு நான்கு அடி தெற்கு ஜன்னல் வழியாகத் தெளிந்த நண்பகலில் ஏறக்குறைய 500 வாட் வெப்பம் வீட்டுக்குள் வரும். கண்ணாடியைத் துடைத்து, திரைச்சீலையை முழுக்க விலக்கினால்தான் இது கிடைக்கும். ஜூனில் நண்பகல் சூரியன் வடபக்கம் போய்விடுவதால் அதே ஜன்னல் கோடையில் தொந்தரவு செய்வதில்லை. வடக்கு ஜன்னல் குளிர்காலத்தில் வெளிச்சத்துக்கு மட்டுமே. அதைப் பெரிதாக வைக்கக் காரணமே இல்லை.

இனி இரவுக் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒன்பதடி உயர அறையில் சுமார் 30 கன மீட்டர் காற்று இருக்கிறது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று லேசானது. அந்த அறையின் காற்று முழுவதும் சேர்ந்து 28 கிலோதான் எடை. ஆனால் அதே அறையின் பத்தடி நீள ஒன்பது அங்குலச் சுவர் ஒன்று மட்டும் மூன்றரை டன். அந்த ஒரு சுவர் பிடித்து வைக்கும் வெப்பம், அறைக் காற்று பிடித்து வைப்பதைப் போல நூறு மடங்கு. மலை வீட்டில் ஜன்னலை எப்படித் திறப்பது என்பதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான்.

ஜன்னலை முழுசாகத் திறந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஐந்து நிமிடத்துக்குள் அறைக் காற்று மாறிவிடும். எதிர்ப்பக்கக் கதவோ ஜன்னலோ திறந்திருந்தால் இன்னும் சீக்கிரம். அவ்வளவு நேரத்தில் சுவர் குளிராது. புதிதாக வந்த காற்றைத் திரும்பச் சூடாக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம்கூட ஆகாது. உண்மையில் சுவரே அதைச் சூடாக்கிக் கொடுத்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, ‘கொஞ்சம் காற்று வரட்டும்’ என்று ஒரு சதுர அடி வெண்டிலேட்டரையும் கீழே அதே அளவு ஜன்னல் இடைவெளியையும் இரவு முழுக்க விட்டுவைத்தால், சூடான காற்று மேலே வெளியேறிக்கொண்டே இருக்கும், கீழே குளிர்காற்று நுழைந்துகொண்டே இருக்கும். 10 டிகிரி வித்தியாசத்தில் மணிக்கு ஆறு முறை அறைக் காற்று முழுவதும் மாறும். மணிக்கு ஒருமுறை மாற 80 வாட் என்றால், ஆறு முறைக்கு மொத்தம் 480 வாட். பத்து மணி நேரத்துக்கு ஏறக்குறைய 5 யூனிட். அது போக, விடிவதற்குள் சுவரும் குளிர்ந்து போயிருக்கும். மறுநாள் அதைத் திரும்பச் சூடாக்கவே பாதிப் பகல் போய்விடும். 2,000 வாட் ஹீட்டரை ஆறு மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு 12 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 720 யூனிட். அதில் ஐந்தில் இரண்டு பங்கு வெண்டிலேட்டர் வழியாகப் போகிறது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை.

அதற்காக ஆணியடித்து மூடிவிடவும் கூடாது. இருவர் மூடிய அறையில் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் தோலிலும் வெளியேறும் ஈரம் மட்டும் அரை லிட்டரைத் தாண்டும். கரியமில வாயுவும் சேர்ந்துவிடும். காலையில் தலை கனப்பது அதனால்தான். படுக்கையறையில் ஜன்னலை இறுக்கி அடைத்துவிட்டு, வெண்டிலேட்டரை இரண்டு விரல் அகலம் மட்டும் திறந்து வையுங்கள். மணிக்குச் சுமார் ஒருமுறை காற்று மாறும், செலவு 80 வாட். அந்த இரண்டு விரலுக்கு மேல் ஓடிவிடாதபடி சட்டத்தில் ஒரு கட்டை அடித்துக்கொள்ளலாம். காலை எழுந்ததும் படுக்கையை உதறிவிட்டு ஜன்னலை ஐந்து நிமிடம் அகலத் திறந்து, திரும்ப அடைத்துவிடுங்கள். பத்தரை மணிக்கு மறுபடியும் திறக்கலாம்.

ஈரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது சமையலறையில் தெரியும். 14.2 கிலோ சிலிண்டர் எரிந்து முடியும்போது அந்தச் சுடரிலிருந்து மட்டும் 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் வருகிறது. சோற்றுப் பானையிலிருந்தும் இட்லிச் சட்டியிலிருந்தும் வரும் ஆவி இதில் சேரவில்லை. 18 டிகிரி வீட்டுக் காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது தண்ணீராகப் படியும். ஜன்னல் கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடலாம். வடக்குச் சுவரின் மூலையில், பீரோவுக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டில் படிவதை யாரும் பார்ப்பதில்லை. அங்கே காற்றும் புழங்காது, அறையின் சூடும் எட்டாது. பீரோவை வெளிச்சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் கறை போகும், ஈரம் போகாது. மறு ஆண்டும் அதே இடத்தில் பூசணம் வரும். பெயின்ட் கடையில் தரும் பூசணத் தடுப்புப் பூச்சுக்கும் இதே கதிதான்.

சமைக்கும்போது சமையலறைக் கதவை வீட்டுப் பக்கம் சாத்திவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, சமையலறை ஜன்னலை நான்கு விரல் திறந்து வைக்க வேண்டும். உள்ளே வர வழியில்லாமல் ஃபேன் காற்றை வெளியே தள்ள முடியாது. கணப்பு உள்ள பங்களாக்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. எல்லா ஜன்னல்களும் அடைத்திருக்க, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், அது காற்றைப் புகைபோக்கி வழியாகத்தான் உறிஞ்சும். கூடத்தில் புகை திரும்பி இறங்கும். ‘சிம்னி அடைத்துக்கொண்டது’ என்று ஆள் கூப்பிடுவதற்கு முன் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். கணப்பு எரியாத நாட்களில் அதே புகைபோக்கி இரவும் பகலும் அறைச் சூட்டை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். புகைபோக்கியை அடைக்கும் தகடு (டாம்பர்) இருந்தால் மூடுங்கள். இல்லையென்றால் கணப்பின் வாய்க்கு அளவாகப் பலகை வெட்டி வைத்து, அதில் சிவப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். பலகை இருப்பதை மறந்து தீ மூட்டிவிடக் கூடாது.

சந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றடி அகலக் கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி என்றால் 18 சதுர அங்குலம். சுவரில் மூன்றுக்கு ஆறு அங்குல ஓட்டை போட்டது போலத்தான். கதவடியில் பிரஷ் பட்டை திருகினால் போதும், தரை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் அது ஒத்துக்கொள்ளும். ஜன்னல்களில் எங்கே கசிகிறது என்று அறிய, இரவில் ஊதுபத்தியைக் கொளுத்திச் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை வளையும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பட்டையோ ஃபோம் டேப்போ ஒட்டுவதற்கு முன் பழைய பெயின்ட் செதில்களை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய விட வேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டினால் ஒரு வாரத்தில் தொங்கிவிடும். பட்டை ஒட்ட வேண்டியது நிலைச்சட்டத்தில் கதவு வந்து முட்டும் விளிம்பில். கதவின் ஓரத்தில் ஒட்டினால் திறக்கும்போது உரசிப் பிய்ந்துவிடும். கால் அங்குலச் சந்துக்கு ஃபோம் டேப் போதும், ஆனால் ஒரு மழைக்காலம் போனால் நொறுங்கும். ரப்பர் பட்டை விலை கூட, ஆயுளும் கூட.

மரச் சட்டங்களில் கசிவு வர முக்கியக் காரணம் ஒன்று உண்டு. ஜூலையில் மரம் ஊதி ஜன்னல் அடைபடாமல் போகும். உடனே தச்சரை அழைத்து இழைக்கச் சொல்வார்கள். ஜனவரியில் மரம் உலர்ந்து சுருங்கும்போது, இழைத்த இடமெல்லாம் விரல் நுழையும் சந்தாகிவிடும். மழைக்காலத்தில் இறுக்கமாக இருந்தால் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, தேவைப்படும் இடத்தில் மட்டும் மெலிதாக இழைத்து, இழைத்த விளிம்புக்கு அன்றைக்கே எண்ணெயோ பெயின்டோ அடித்துவிடுங்கள். பூச்சில்லாத மரம் வெளியே தெரிந்தால் அடுத்த மழையில் மறுபடி ஊதும். கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் மக்கு வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். காற்றடிக்கும்போது கண்ணாடி கடகடப்பது அதன் அறிகுறி.

பல வீடுகளில் ஜன்னலைப் பாதிதான் திறந்து வைக்கிறார்கள். முழுசாகத் திறந்து நிறுத்தும் கொக்கி இல்லை, அல்லது துரு ஏறி ஒடிந்துவிட்டது; காற்றில் அடித்துக் கண்ணாடி உடையும் என்ற பயம். ஒரு கொக்கியின் விலையைப் பார்த்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் மின்கட்டணம் கட்டுவது வருத்தமாக இருக்கிறது. குரங்கும் இன்னொரு காரணம். வெளிப்பக்கம் ஓர் அங்குலக் கண்ணுள்ள வெல்ட்மெஷ் அடித்தால் குரங்கு வராது, காற்று தடைபடாது. கொசுவலை அடித்தால் காற்று கணிசமாகக் குறையும். இந்த உயரத்தில் தேவைப்படும் அறைக்கு மட்டும் போதும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும் ஊர்களில் தரைத்தள ஜன்னலை இரவில் திறந்து வைக்கவே முடியாது. பகலில் திறந்து மாலையில் அடைக்கும் வழக்கம் அங்கே இரட்டிப்பு நன்மை.

ஆனால் ஜன்னலை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. சீலிங் இல்லாத தகரக் கூரையின் கீழே, நாம் சொன்ன அதே அறையில், 10 டிகிரி வித்தியாசத்துக்கு 600, 700 வாட் கூரை வழியாகவே போய்விடும். நான்குக்கு நான்கு அடி ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் மூடியிருக்கும்போது இழப்பது 85 வாட்தான். அதிலும் தரைவரை தொங்கும் கனத்த திரையைச் சூரியன் மறைந்ததும் இழுத்துவிட்டால் இன்னும் குறையும். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலும் பழைய தொகுப்பு வீடுகளிலும் முதலில் வேண்டியது ஒரு பலகை சீலிங், அல்லது கூரைக்குக் கீழே இழுத்துக் கட்டிய தெர்மோகோலும் அதை அறைப் பக்கம் மூடும் ஜிப்சம் போர்டும். தெர்மோகோல் எளிதில் தீப்பிடிக்கும், எனவே அதை வெறுமனே விடக் கூடாது. சீலிங் போட்டால் அதற்கும் தகரத்துக்கும் நடுவே இருபக்க முகப்பிலும் காற்று போக வலையடித்த துளை வேண்டும். இல்லாவிட்டால் தகரத்தின் அடியில் இரவெல்லாம் வியர்த்துச் சொட்டி சீலிங்கை ஊற வைத்துவிடும்.

தோடர்களின் அரைவட்ட வீட்டில் ஜன்னலே இல்லையே, குனிந்து நுழையும் சிறிய வாசல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அது மிகச் சரியான குளிர்மலை வீடு. ஆனால் அதன் கூரை புல். புகையும் ஈரமும் புல்லின் ஊடே கசிந்து வெளியேறும், சூடு தங்கும். சிமென்ட் பூசிய சுவரும் கான்கிரீட் கூரையும் அப்படி மூச்சு விடுவதில்லை. ஹட்டி என்னும் படுகர் ஊர்களில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்குப் பக்கச் சுவர்கள் பொதுவாக இருப்பதால் சூடு மிச்சமாகும். அங்கே முன்வாசலையும் பின்ஜன்னலையும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் காற்று ஓடும், ஒன்றை மட்டும் திறந்து பயனில்லை.

மழைக்காலத்துக்கு விதி கொஞ்சம் மாறும். தென்மேற்குப் பருவத்தில் நடுவட்டம், கூடலூர், உதகையும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலும் நாள்கணக்கில் நனைகின்றன. வெளிக்காற்று 14 டிகிரியில் முழு ஈரமாக இருந்தாலும், அது வீட்டுக்குள் வந்து 19 டிகிரிக்குச் சூடானதும் ஈரப்பதம் 73 சதவீதமாக இறங்கிவிடும். ஆகவே வீடு வெளியைவிடச் சூடாக இருக்கும்வரை மழை நாளிலும் ஐந்து நிமிடம் திறப்பது நல்லதே. காற்றடிக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கம் திறக்க வேண்டும். மூடுபனி ஜன்னலில் மோதும்போது திறந்தால் மட்டும் நீர்த்துளியே உள்ளே வரும்.

சுவர் குளிர்ந்திருக்க, திடீரென்று வெளியே வெதுவெதுப்பான ஈரக்காற்று வீசும் நாட்கள்தான் ஆபத்தானவை. ஏப்ரல் கோடைமழைக்குப் பிறகு இப்படி வரும், டைல்ஸ் தரை தானே வியர்க்கும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் நிரப்பி, தட்டால் மூடி, அறையில் சுவரை ஒட்டி இரவு முழுக்க வையுங்கள். காலையில் அதை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் நிழலில் வைத்துப் பாருங்கள். சொம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் வெளிக்காற்று உங்கள் சுவரையும் வியர்க்க வைக்கும், அன்றைக்குத் திறக்காதீர்கள். உலர்ந்தே இருந்தால் தாராளமாகத் திறக்கலாம்.

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்குப் பார்த்த முழுக்கண்ணாடி முகப்பு வைத்த புதிய விடுதிகளும் வீடுகளும் ஏப்ரல், மே பிற்பகலில் சூடேறி மின்விசிறி தேடுகின்றன. கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போடுவது வெயில் நுழைந்த பிறகு தடுப்பதாகும். மாலை ஆறு மணி முதல் வெண்டிலேட்டர்களை முழுக்கத் திறந்து வைத்தால் விடிவதற்குள் சுவர் குளிர்ந்து மறுநாள் பிற்பகல்வரை தாங்கும். இறங்கிவந்து கூடலூரில் குடியிருப்பவர்களுக்கும் இதே இரவுத் திறப்புதான் பொருந்தும்.

மிகுந்த கவலையோடு ஒன்றைச் சொல்கிறோம். ஜன்னலை அடைத்துவிட்டு, அறைக்குள் கரி அடுப்போ பார்பிக்யூ தட்டோ வைத்துத் தூங்காதீர்கள். மலை விடுதிகளில் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவேயில்லை என்ற செய்திகள் வந்திருக்கின்றன. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று ஆரம்பித்து எழும் வலுவையே எடுத்துவிடும். சுடர் அணைந்து செந்தணலாக இருக்கும்போதுதான் அது அதிகம். ‘ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கிறதே’ என்பது பாதுகாப்பல்ல. குளியலறைக்குள் வைத்த கேஸ் கீசருக்கும் இது பொருந்தும். கீசரை வெளிச்சுவரில் மாட்டி, குழாய் வழியாகச் சுடுநீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு ஜன்னல்களைத் திறந்து அவர்களைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, 108ஐ அழையுங்கள். விடுதி நடத்துபவர்கள் வராந்தாவில் வைத்த கரி அடுப்பை இரவில் உள்ளே எடுத்துச் செல்ல அனுமதிக்கவே கூடாது.

நகராட்சிகளும் பேரூராட்சிகளும் வரைபடங்களைச் சரிபார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஜன்னல் பரப்பை, ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு என்றும், குளிர்ப் பகுதிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றும் பிரித்துச் சொல்கிறது. 120 சதுர அடி அறைக்கு முன்னது 20, பின்னது 10 சதுர அடி. சமவெளியில் வரைந்த திட்டத்தை அப்படியே மலையில் கட்டும்போது எல்லாத் திசையிலும் பெரிய ஸ்லைடிங் ஜன்னல்கள் வந்துவிடுகின்றன. ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும், நடுச்சந்தில் கசியும், கீழ்த் தண்டவாளத்தின் வடிதுளை தூசியால் அடைத்துக்கொண்டால் மழைநீர் அறைக்குள் வழியும். மலைக்கு ஏற்றது கீல் வைத்த ஜன்னல். மழை அடிக்கும் பக்கத்துக்கு மேல்புறம் கீல் வைத்து அடிப்பக்கம் வெளியே தள்ளித் திறப்பது. அரசு கட்டும் தொகுப்பு வீடுகளிலாவது தெற்குச் சுவரில் நான்கடி ஜன்னல் ஒன்று, வடக்கில் இரண்டடிக்கு மேல் வேண்டாம், ஒவ்வோர் அறைக்கும் மூடித் திறக்கும் மரத் தகட்டோடு ஒரு வெண்டிலேட்டர், எல்லா ஜன்னலுக்கும் பித்தளைக் கொக்கி என்று மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் இதைச் சேர்க்க முடியும்.

இப்படிக்கு,
மலை வீடுகளில் கட்டட, தச்சு வேலை செய்பவர்கள்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.